சாமுவேல் விட்டிமோர் நினைவுக் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யாராவது பாஸ்டனுக்கு வந்தால் லெக்சிங்டன் புல்வெளிக்கும் கான்கார்ட் பாலத்துக்கும் கூட்டிக்கொண்டு போவது இங்கே வழக்கம். 1775இல் அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய இடங்கள் அவை. போகிற வழியில் ஆர்லிங்டன் என்று ஓர் ஊர் வரும். அங்கே மாசசூசெட்ஸ் அவென்யூவை ஒட்டி ஒரு கருங்கல் நிற்கிறது. வண்டியை நிறுத்தி அதை வாசித்துக் காட்டினால் போதும், வந்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்த இடத்துக்கு அருகில், அப்போது 80 வயதான சாமுவேல் விட்டிமோர், 1775 ஏப்ரல் 19 அன்று மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொன்றார். அவர் சுடப்பட்டு, துப்பாக்கி ஈட்டியால் குத்தப்பட்டு, அடிக்கப்பட்டு, செத்துவிட்டார் என்று விடப்பட்டார். ஆனால் பிழைத்தெழுந்து 98 வயது வரை வாழ்ந்தார்."

அடைமொழி, வாழ்த்து, கடவுள் பெயர் எதுவும் கிடையாது. நம் ஊர் நடுகல் சண்டையில் விழுந்தவனுக்கு வைப்பது. இந்தக் கல் விழுந்த பிறகும் சாக மறுத்த ஒரு கிழவருக்கு வைத்தது.

இவர் அங்கே முதலில் குடியேறியவர்களில் ஒருவரா?

இல்லை. அவருடைய முன்னோர்கள்தான் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து சார்லஸ்டவுனில் குடியேறினார்கள். இவர் அங்கேயே 1696 ஜூலை 27 அன்று பிறந்தார். பிற்பாடு மெனாட்டமி என்ற பகுதியில் நிலம் வைத்துக்கொண்டு விவசாயம் பார்த்தார். மெனாட்டமி அப்போது கேம்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ஒரு பகுதி. 1807இல் தனி ஊராகப் பிரிந்து வெஸ்ட் கேம்பிரிட்ஜ் ஆனது. 1867இல் ஆர்லிங்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. உள்நாட்டுப் போரில் இறந்து ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் புதைக்கப்பட்டவர்களின் நினைவாக வைத்த பெயர் அது. ஆக, விட்டிமோர் வாழ்ந்த ஊரின் பெயரை இன்று வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

குடியேறிகளுக்கு முன்னால் அந்த மண் யாருடையது?

மாசசூசெட் பழங்குடியினருடையது. மெனாட்டமி என்பதே அவர்கள் பேசிய மொழிக் குடும்பத்துச் சொல்தான். கணவர் நானேபாஷெமெட் இறந்த பின் அந்தப் பகுதியை ஆண்ட பெண் தலைவியை ஆங்கிலேயர்கள் 'ஸ்குவா சாச்செம்' என்று எழுதிவைத்தார்கள். அது பெயர்கூட இல்லை, 'தலைவி' என்கிற பட்டம்தான். 1639இல் அவர் நிலத்தை எழுதிக் கொடுத்தபோது, மிஸ்டிக் ஏரிகளுக்கு மேற்கே உள்ள பகுதியைத் தம் ஆயுள் உள்ளவரை பயிரிடவும் வேட்டையாடவும் வைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ்காரர்கள் அவர் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு கோட்டு தர வேண்டும் என்பதும் பேச்சு. ஓர் ஊரளவு நிலத்துக்கு வருஷம் ஒரு கோட்டு! விட்டிமோர் எந்த மண்ணுக்காகத் துப்பாக்கி தூக்கினார் என்று பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அவர் கல்லில் இதற்கு இடமில்லை, சரி.

1775 ஏப்ரல் 19 அன்று என்னதான் நடந்தது?

கான்கார்டில் குடியேற்றவாசிகள் ஆயுதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கேஜுக்குத் தகவல் போனது. அவற்றைக் கைப்பற்ற ஏறத்தாழ 700 சிப்பாய்களை இரவோடு இரவாக அனுப்பினார். அவர்கள் விடியும் முன் மெனாட்டமியைக் கடந்தார்கள். விடியும் நேரத்தில் லெக்சிங்டன் புல்வெளியில் சுட்டதில் உள்ளூர்க்காரர்கள் 8 பேர் இறந்தார்கள். அப்புறம் கான்கார்டின் வடக்குப் பாலத்தில் உள்ளூர்க்காரர்கள் திருப்பிச் சுட்டார்கள். சிப்பாய்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. வழி நெடுக மதிலுக்குப் பின்னாலிருந்து குண்டு. அவர்களைக் காப்பாற்ற பெர்சி பிரபு சுமார் 1,000 பேரோடும் 2 பீரங்கிகளோடும் லெக்சிங்டனுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு படைகளும் ஒன்றாகச் சேர்ந்து பாஸ்டனை நோக்கி நகர்ந்தபோது, மாலையில் நடுவழியில் குறுக்கே கிடந்த ஊர் மெனாட்டமி.

அன்றைய நாளின் மிகக் கொடூரமான சண்டை நடந்தது அங்கேதான். நாள் முழுவதும் குடியேற்றவாசிகள் பக்கம் இறந்தவர்கள் 49 பேர், அதில் 25 பேர் மெனாட்டமியில். பிரிட்டிஷ் பக்கம் இறந்த 73 பேரில் 40 பேர் அதே ஊரில்.

அப்படியானால் ஏன் லெக்சிங்டனும் கான்கார்டும் மட்டும் எல்லார் வாயிலும் வருகிறது?

முதல் குண்டு எங்கே வெடித்தது என்பதுதான் பாடப்புத்தகத்துக்கு வேண்டும். கூடவே சிலைகளும் ஒரு காரணம். கான்கார்டில் ஏர்க் கலப்பைப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிற இளைஞனின் சிலையை டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் செய்தார், 1875இல் திறந்தார்கள். எங்கு பார்த்தாலும் அதன் படம்தான். மெனாட்டமிச் சண்டை வீடு வீடாக, சமையலறைக்குள்ளும் நிலவறைக்குள்ளும் நடந்தது. அதைச் சிலையாக்குவது கஷ்டம். ஆக்கினாலும் பார்க்கச் சகிக்காது.

இவர் ராணுவத்தில் இருந்தவரா? 'குடிமக்கள் படை' என்றால் என்ன?

அன்று அவருக்கு எந்தப் படையிலும் இடம் கிடையாது. விட்டிமோர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

அந்தக் காலத்து மாசசூசெட்ஸில் 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் ஊர்ப்படையில் சேர்ந்தாக வேண்டும், அதுதான் குடிமக்கள் படை. துப்பாக்கியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். சம்பளப் பட்டாளம் கிடையாது. வயலில் இருப்பார்கள், ஆலையில் இருப்பார்கள், பயிற்சி நாளன்று ஊர்த் திடலில் வரிசையில் நிற்பார்கள். இவர்களிலிருந்து ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைப் பொறுக்கி, கூப்பிட்ட நிமிடத்தில் கிளம்பத் தயாராக வைத்திருந்தவர்கள்தான் 'மினிட்மேன்'. 1774 இலையுதிர் காலத்தில்தான் அந்த ஏற்பாடு பரவியது. இன்று எல்லாரையும் மினிட்மேன் என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியில்லை. வயதானவர்களுக்கு 'அலாரம் பட்டியல்' என்று தனியாக ஒன்று. ஊருக்கே ஆபத்து என்றால் மட்டும் அவர்களைக் கூப்பிடுவார்கள்.

விட்டிமோருக்கு அன்று 78 முடிந்து 79 நடப்பு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வீட்டிலேயே இருந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேப்டன் என்ற பட்டம் அவர் பெயருக்கு முன்னால் முன்பே ஒட்டியிருந்தது. படை, கட்டளை இரண்டும் அன்று அவரிடம் இல்லை.

சரி, அவர் என்ன செய்தார்?

துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வந்து சாலையோரத்தில் ஒரு கல் மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அங்கே இருக்காதீர்கள், பின்னாலிருந்து வளைத்துக்கொள்வார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாலையில் போகிற பெரிய படை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பிரிட்டிஷார் சாலைக்கு இரு புறமும், வயல்களுக்குள் கொஞ்சம் தள்ளி, பக்கக் காவல் அணிகளை நடத்திக்கொண்டு வந்தார்கள். மதிலுக்குப் பின்னால் சாலையையே பார்த்துக்கொண்டு ஒளிந்திருப்பவனை இந்த அணி முதுகுப் பக்கமாக வந்து பிடிக்கும். அன்று மெனாட்டமியில் செத்தவர்களில் பலருக்கும் நேர்ந்த கதி அதுதான். அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கிட்டித்து நிரப்பக் குறைந்தது 15 விநாடியாவது வேண்டும். பக்கத்தில் வந்துவிட்டவன் அவ்வளவு நேரம் தர மாட்டான்.

விட்டிமோர் நீளத் துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டார். பிறகு கைத்துப்பாக்கியை எடுத்தார். அதற்குள் சிப்பாய்கள் மேலே பாய்ந்துவிட்டார்கள். முகத்தில் குண்டு பாய்ந்து கன்னத்து எலும்பு சிதறியது. கீழே விழுந்தவரைத் துப்பாக்கி ஈட்டியால் பல முறை குத்தி, கட்டையால் தலையில் அடித்துவிட்டுப் போனார்கள்.

அவ்வளவு அடிக்கு அப்புறம் எப்படிப் பிழைத்தார்?

படை போன பிறகு ஊர்க்காரர்கள் வந்து பார்த்தபோது உயிர் இருந்தது. பக்கத்தில் கூப்பர் என்பவரின் சத்திரம் இருந்தது, அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். மெட்ஃபோர்டிலிருந்து டஃப்ட்ஸ் என்ற மருத்துவர் வந்தார். பார்த்துவிட்டு, கட்டுப் போட்டுப் பிரயோசனமில்லை என்றார். நிற்கிறவர்கள் விடவில்லை, கட்டுங்கள் என்றார்கள், கட்டினார். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. கிழவர் 18 வருஷம் இருந்தார்.

இவ்வளவு பட்டீர்களே, வருத்தம் இல்லையா என்று பின்னாளில் கேட்டதற்கு, திரும்பவும் அதையேதான் செய்வேன் என்றாராம். இது ஊரில் வாய்வழி வந்த பேச்சு. ஆனால் ஆளைப் பற்றி மற்றபடி தெரிந்ததை வைத்துப் பார்த்தால், சொல்லக்கூடியவர்தான்.

1793 பிப்ரவரியில் இறந்தார். அரசருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர், அரசரே இல்லாத நாட்டில், வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருக்கும்போது கண்ணை மூடினார். அந்த வாரமே வந்த பாஸ்டன் பத்திரிகைச் செய்தி, அவருடைய வம்சத்தில் மொத்தம் 185 பேர், அதில் ஒரு பிள்ளை ஐந்தாம் தலைமுறை என்று கணக்குச் சொல்கிறது.

கல்லில் 80, 98 என்று இருக்கிறதே. நீங்கள் வேறு வயது சொல்கிறீர்களே?

கல்தான் தப்பு. 1696 ஜூலையில் பிறந்தவருக்கு 1775 ஏப்ரலில் 78 முடிந்திருக்கும். 1793 பிப்ரவரியில் 96 வயதும் ஆறு மாதமும். இறப்புச் செய்தியும் 96 என்றே சொல்கிறது. சண்டை நாளில் 79 என்கிறது, அதாவது நடப்பு வயது. நம் வீடுகளில் தாத்தாவுக்கு வயது கேட்டால் முடிந்ததா நடப்பா என்று ஒரு சின்னச் சண்டை நடக்குமே, அதேதான்.

பிறகு 80 எப்படி வந்தது? என் யூகம் இது: 79ஐ ஊர் வாய் 80 ஆக்கிவிட்டது, சொல்ல வசதியாக. பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து, 1775இலிருந்து 1793 வரை 18 வருஷம், 80உம் 18உம் 98 என்று கூட்டியிருக்கிறார். கூட்டல் சரி, தொடக்கம்தான் தப்பு. கல்லில் வெட்டியதும் அதுவே உண்மையாகிவிட்டது. இன்றும் இணையத்தில் பாதிப் பேர் 80 என்றுதான் எழுதுகிறார்கள், கல்லைப் பார்த்து எழுதுவதால்.

மூன்று பேரைக் கொன்றார் என்பதாவது சரியா?

அது ஊரும் குடும்பமும் சொல்லிவந்த கணக்கு. சண்டையின் நடுவில் குண்டடி பட்டு விழுந்த கிழவர் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. பக்கத்து மதில்களிலிருந்தும் அதே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கக் காவல் அணியை எதிர்த்துச் சுட்டதையும் விழுந்ததையும் பிழைத்ததையும் யாரும் மறுப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன்.

அவர் கையில் இருந்தவையும் இப்படித்தான் வளர்ந்தன. இறப்புச் செய்தியில் ஒரு துப்பாக்கியும் குதிரை வீரர் வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கியும்தான் வருகின்றன. இன்று கேட்கிற கதைகளில் அழகான ஜோடிக் கைத்துப்பாக்கிகள் இருக்கும், பழைய போரில் ஒரு பிரெஞ்சு அதிகாரியிடமிருந்து கிடைத்த வாளும் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இறப்புச் செய்தியே போதும்.

கல் சொல்லாமல் விட்டதில் முக்கியமானது எது?

அவர் வாய். அந்த ஒரு நாளுக்கு முன்னால் அவர் எழுபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறார் இல்லையா, அதில் ஒரு வழக்கு இருக்கிறது. கர்னல் ஜான் வாசல் என்ற பெரும் பணக்காரர் கேம்பிரிட்ஜ் ஊராட்சிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விட்டிமோர் எல்லார் காதிலும் விழும்படி, இவர் அந்தப் பொறுப்புக்கு நான் ஏறியிருக்கிற குதிரையைவிடத் தகுதியானவர் இல்லை என்றார். வாசல் அவதூறு வழக்குப் போட்டு அவரைக் கைது செய்ய வைத்தார். நீதிமன்றம், இந்தச் சொற்களுக்கு வழக்குப் போட முடியாது என்று தள்ளிவிட்டது. விட்டிமோர் அதோடு விடவில்லை. பொய்யாகக் கைது செய்ய வைத்ததற்காக வாசல் மீதே வழக்குப் போட்டார். வாசல் வீட்டு விருந்தின் நடுவே அந்த அழைப்பாணை கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். கடைசியில் 200 பவுண்டு நஷ்டஈடு விட்டிமோருக்குக் கிடைத்தது.

பிறகு 1772இல், மற்ற ஊர்களோடு கடிதத் தொடர்பு வைத்து அரசை எதிர்ப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் ஒரு குழு அமைத்தபோது அதிலும் இருந்தார். மதிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது திடீர்க் கோபம் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். பெரிய இடத்துக்குப் பயப்படாதவர் என்று ஊருக்கு முன்பே தெரியும்.

அந்த ஊரில் பார்க்க வேறு கற்கள் உண்டா?

நிறைய. ஒரு மைல் நடந்தால் பல கற்களைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஜேசன் ரசல் வீடு. 1740 வாக்கில் கட்டியது, இன்று அருங்காட்சியகம். ரசலுக்கு 58 வயது, கால் ஊனம். வீட்டை விட்டு ஓட மாட்டேன் என்று நின்றார். டான்வர்ஸ் ஊரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த இளைஞர்கள் அவர் வீட்டு முற்றத்தில் தடுப்பு கட்டிச் சாலையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். விட்டிமோருக்கு நடந்ததுதான் அவர்களுக்கும்: பக்கக் காவல் அணி பின்னாலிருந்து வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். ரசல் தம் வாசலிலேயே செத்தார். அவரோடு சேர்த்து 12 பேர். நிலவறைக்குள் இறங்கியவர்கள் மட்டும், படியில் கால் வைப்பவனைச் சுடுவோம் என்று மிரட்டித் தப்பினார்கள். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இப்போதும் காட்டுகிறார்கள்.

கூப்பர் சத்திரம் இருந்த இடத்தில் இன்னொரு கல். ஜேபஸ் வைமன், ஜேசன் வின்ஷிப் என்ற இரண்டு பேரை உள்ளே புகுந்து கொன்றதைச் சொல்கிறது. இருவர் கையிலும் ஆயுதம் இல்லை என்று சத்திரக்கார தம்பதி அடுத்த மாதமே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது கல், முதல் திருச்சபைக் கோயிலுக்கு முன்னால். "மெனாட்டமியின் முதியவர்கள்" 18 பேர் கொண்ட சரக்கு வண்டிக் கூட்டத்தைப் பிடித்ததாக அதில் இருக்கிறது. பெர்சியின் படைக்குப் போக வேண்டிய வண்டிகள் அவை. சார்லஸ் ஆற்றுப் பாலத்தில் பலகைகளைப் பிடுங்கிப் போட்டிருந்ததால் பின்தங்கிவிட்டன. இளைஞர்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், ஊரில் மிஞ்சிய கிழவர்கள் மதிலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். தலைமை தாங்கியவர் டேவிட் லாம்சன். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான பழைய போரில் பணியாற்றியவர், வெள்ளையர் அல்லாத கலப்பு வம்சாவளிக்காரர். கல் 'முதியவர்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் பெயரை விட்டுவிட்டது. விட்டிமோருக்கு வயதைத் தப்பாகவாவது போட்டார்கள்.

வண்டிக் காவலர்களில் 6 பேர் ஓடிப்போய்த் துப்பாக்கிகளை ஸ்பை ஏரியில் எறிந்துவிட்டு, டேண்டிலைன் கீரை பறித்துக்கொண்டிருந்த பாதரிக் பாட்டியிடம் சரணடைந்தார்கள். ஒரு கிழவி ஆறு பேரைப் பிடித்தால் அமெரிக்காவைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பிறகு லண்டனில் கேலி பேசினார்களாம்.

அரசு இவரை எதுவும் கவுரவித்திருக்கிறதா?

2005இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இவரை அதிகாரபூர்வ மாநில வீரராக அறிவித்தது. பிப்ரவரி 3 அவர் நினைவு நாள். மாநில வீராங்கனை அதற்கு முன்பே, 1983இல் வந்துவிட்டார்: ஆண் வேடம் போட்டுப் போரில் பணியாற்றிய டெபோரா சாம்சன்.

தப்பான கல்லைத் திருத்திவிடலாமே?

சிலர் இதைக் கேட்டுக் கொஞ்சம் கோபப்படவே செய்கிறார்கள். என் கருத்து: வேண்டாம். ஊர் அவரை எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அந்த 80ஏ ஒரு சாட்சி. செதுக்கி அழித்தால் அதுவும் போய்விடும். பக்கத்தில் சின்னதாக ஒரு பலகை வைத்து, பிறந்த நாளையும் இறந்த நாளையும் போட்டால் போதும். வருகிற பிள்ளைகள் தாங்களே கழித்துப் பார்க்கட்டும். அப்படி ஒரு பலகைக்குப் பணம் ஒதுக்கினால், முதலில் லாம்சன் பெயரைப் போடச் சொல்வேன்.

எப்படிப் போவது, எப்போது போவது?

ஹார்வர்ட் ரயில் நிலையத்திலிருந்து 77ஆம் எண் பேருந்து மாசசூசெட்ஸ் அவென்யூ வழியாகவே போகிறது. ஏறக்குறைய அன்று படை திரும்பி வந்த அதே சாலை, எதிர்த் திசையில். சைக்கிள் இருந்தால் ஏல்வைஃப் ரயில் நிலையத்திலிருந்து மினிட்மேன் சைக்கிள் பாதை, பழைய ரயில் தடத்தின் மேல் போட்டது, ஆர்லிங்டன் நடுவே போகும்.

ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை பேட்ரியட்ஸ் டே, மாநில விடுமுறை. அன்று பாஸ்டன் மாரத்தானும் நடக்கும், சாலைகள் அடைபட்டிருக்கும், கார் வேண்டாம். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதத்தில் ஒரு வார நாளில் போங்கள். ரசல் வீடு திறந்திருக்கும் நாளை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் பார்த்த பிறகு கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய மயானத்துக்குள்ளும் போய் வாருங்கள். ரசலும் அவரோடு இறந்த பதினொரு பேரும் சவப்பெட்டி இல்லாமல், போட்டிருந்த துணியோடு ஒரே குழியில் கிடக்கிறார்கள். மேலே ஒரு தூண். ரசலின் பழைய கல்லில் "கேஜின் இரத்தவெறிப் படை" என்று கோபம் ஆறாமல் எழுதியிருக்கிறது. விட்டிமோரும் அதே மயானத்தில்தான், பதினெட்டு வருஷம் பிந்தி வந்து படுத்தார்.